மகள் வீட்டுச் சோறு

போன ஞாயிறு பத்து பாகாட் ஊரில் ஒரு காதுகுத்து விருந்து. சாம்பார் பிரமாதம். ஆனால் பாயசம் வரை என்னால் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதும் கோபம் ஆறவில்லை!

விருந்து கொடுத்தவர் மாணிக்கம். சந்தைப் பக்கம் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். அவர் மனைவி அஞ்சலை. அவளுடைய அப்பா இராமசாமியும் சில மாதங்களாக அவர்களோடுதான் இருக்கிறார். ரெங்கம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காலமெல்லாம் ரப்பர் பால் வெட்டியவர். முழங்கால் போய்விட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்று பேர் கொடுக்காத ஆளுக்குத் தொழிலாளர் லயத்தில் அறை கிடையாது. கப்பலில் புதிதாக வந்தவர்களுக்கு இடம் வேண்டும், காலி செய் என்றார்கள். மனைவி இல்லை, மகன் இல்லை. அஞ்சலைதான் போய் அழைத்து வந்தாள்.

பந்தியில் கிழவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசையில் ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர். பெயரை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார், போகட்டும்.

"என்னண்ணே, இனிமே மக்கான் சாப்பாடு எல்லாம் மருமகன் வீட்டுலதானா? வேரே விட்டுட்டீங்க போல!" என்றார் கங்காணி.

பந்தியே சிரித்தது. இராமசாமி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இதுல சிரிக்க என்னய்யா இருக்கு?" என்று கத்தினேன்.

"சும்மா தமாசுங்க சார், கோவிச்சுக்காதீங்க."

தமாஷாம்! நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை மாணிக்கம் என் வீட்டு வாசலில் நின்றார்.

"மாமா துணியைக் கட்டி வச்சுட்டாருங்க. அரசாங்க விடுதிக்குப் போறாராம். நீங்க சொன்னா கேப்பாரு சார்."

உழைக்க முடியாத, நாதியற்ற கிழவர்களுக்கென்று இருக்கிற விடுதி அது. இவர் நாதியற்றவரா? செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

"மருமகன் ஏதாவது சொன்னாரா?" என்று கிழவரைக் கேட்டேன்.

"தங்கமான புள்ளைங்க அவரு. அதனாலதான் போறேன். இன்னிக்கு என்னப் பாத்துச் சிரிச்சாங்க, நாளைக்கு அவரையும் சேத்துச் சிரிப்பாங்க. பொண்ணு குடுத்த வீட்டுல உக்காந்து திங்கலாமா சார்?"

வாசற்படியில் நின்ற அஞ்சலை வெடித்தாள். "எனக்கு ஒரு அண்ணன் இருந்து, அவன் பொண்டாட்டி ஆக்கிப் போட்டா திம்பீங்க. நான் ஆக்கினா மட்டும் தொண்டையில எறங்காதாப்பா?"

கிழவர் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டார். நானும் கெஞ்சினேன், அதட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. மோட்டார் பஸ் வந்ததும் ஏறிவிட்டார். அஞ்சலை ஜன்னலைப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓடினாள்.

பிள்ளைகளுக்குப் பாசம் வற்றிவிட்டது, அதனால்தான் விடுதிகள் நிறைகின்றன என்று சங்கக் கூட்டங்களில் தோள் துண்டை உதறி உதறிப் பேசுகிறார்கள். அப்படியா? முழங்கால் ஒரு காரணம். அறையைப் பிடுங்கிய எஸ்டேட் ஒரு காரணம் — அந்தத் துரைமாரையும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் இராமசாமியை பஸ் ஏற்றியது அவர்கள் அல்ல. நம் வாய்!

மகள் கையால் சாப்பிட்டால் மானம் போய்விடுமாம். முன்பின் தெரியாதவன் ஊற்றும் கஞ்சிக்குத் தட்டேந்தி வரிசையில் நின்றால் போகாதாம். இந்த மானத்தைக் கண்டுபிடித்தவன் யார்? அவன் எந்த மகள் வீட்டு வாசலிலாவது நின்று பார்த்திருப்பானா?

நேற்று காபிக் கடைக்குப் போனேன். அதே கங்காணி நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"காலம் கெட்டுப் போச்சுங்க. பெத்த அப்பனையே விடுதியில தள்ளிட்டாளே, அந்த அஞ்சலப் பொண்ணு!"

என் கையில் காபி இருந்தது. நல்ல கொதிக்கக் கொதிக்க இருந்தது.

அதைப் போய்க் குடித்து வீணாக்கிவிட்டேன்!