மூன்றாம் ஆண்டில் பூக்கும் செடிகள்

புனேயில் எங்கள் வீடு ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கிறது. வரவேற்பறைச் சன்னலுக்கு வெளியே, சுற்றுச்சுவர் வரைக்கும், நான்கடி அகலத்தில் ஒரு மண்துண்டு உண்டு. கட்டடம் எழுப்பியவர்கள் விட்டுப்போன ஜல்லியும் சிமெண்ட் கட்டிகளும் கலந்த கறுப்பு மண். பி.ஏ. கடைசி ஆண்டில், அதில் நானே தேர்ந்தெடுத்த செடிகளை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "துளசிய மட்டும் தொட்டுராத" என்றாள் அம்மா. அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

நான் விரும்பியவை இந்த மலைப்பக்கத்தில் தாமாக முளைக்கும் காட்டுப் பூச்செடிகள். அவற்றிலும், ஆண்டுதோறும் விதைக்க வேண்டாத, பல ஆண்டுகள் வாழ்பவை. முல்ஷி செல்லும் சாலையில் அவற்றை மட்டுமே வளர்த்து விற்கும் சிறிய நாற்றுப்பண்ணை ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் பெண்மணி, கேட்டதை உடனே எடுத்துக் கொடுத்துவிடுபவர் அல்லர். எத்தனை மணி நேரம் வெயில் விழும், மழைநீர் தேங்குமா என்று விசாரித்தார். கடைசியாக, மராத்தியில், "மூன்று வருடம் அதே இடத்தில் இருப்பீர்களா? வாடகை வீடென்றால் இவற்றை எடுக்காதீர்கள்" என்றார்.

"சொந்த வீடுதான்" என்றேன்.

பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, பூத்ததும் மடிந்துவிடும் கார்வியை விலக்கினேன். முட்செடிகளை அம்மாவுக்காக விலக்கினேன். எஞ்சியவை மூன்று: காந்தள், காட்டு மஞ்சள், தரையை ஒட்டி வெள்ளையாகப் பூக்கும் முஸ்லி. மூன்றும் கிழங்கிலிருந்து எழுபவை. முதல் மழைக்கு முளைக்கும். ஐப்பசி கார்த்திகையில் இலை பழுத்து மறையும். பிறகு ஆனி வரைக்கும் மண்ணுக்கு மேலே அவை இருக்கும் தடயமே இராது. எந்தக் கிழங்கு எங்கே உறங்குகிறது என்று தெரிய, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஓர் ஐஸ்கிரீம் குச்சியை நட்டுவைத்தேன்.

"ஏட்டி, இது என்ன எறும்புக்குச் சுடுகாடா?" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். சாகணில் கார்த் தொழிற்சாலையில் பொறியாளரான அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்னோடு குனிந்து ஜல்லி பொறுக்கியவர். தொழுவுரச் சாக்கைத் தோளில் சுமந்து வந்தவர். அவருக்கு எல்லாம் தெரியும்.

முதல் மழைக்காலத்தில் இலைகள் மட்டும் வந்தன. இரண்டாவதில் காட்டு மஞ்சள் இளஞ்சிவப்புக் கதிர் விட்டது. காந்தள் சன்னல் கம்பியைப் பற்றி ஏறி ஒரே ஒரு பூ பூத்தது. கிழங்கு பருத்துவிட்டது, அடுத்த ஆண்டு கம்பி முழுவதும் நிறையும் என்றார் பண்ணைக்காரப் பெண்மணி.

அந்த அடுத்த ஆண்டின் பிப்ரவரியில் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. பூர்வீகம் எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். வருவதற்கு முந்தைய நாள் எனக்கு எம்.ஏ. வகுப்பில் கட்டுரை வாசிப்பு இருந்தது. மாலையில் திரும்பியபோது சன்னலுக்கு வெளியே இரண்டு வரிசையாகப் பூத்த பெட்டூனியாச் செடிகள் நின்றன: ஒரு வரிசை வெள்ளை, ஒரு வரிசை ரோஸ். மண் ஒரு முழ ஆழத்துக்குப் புரட்டப்பட்டிருந்தது. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்று சேர்த்து, ரப்பர் பேண்ட் போட்டுச் சன்னல் விளிம்பில் வைத்திருந்தாள் அம்மா. அவள் எதையும் வீணாக்கமாட்டாள்.

"பாத்தியா, ஒரே நாள்ல தோட்டம்!" என்றாள். "மொட்டைத் தரையா கெடந்தா வாறவுக என்ன நெனப்பாவ?"

"அம்மா, உள்ளே கிழங்கு இருந்தது."

"தோட்டக்கார மாலிகிட்டக் கேட்டேன்லா. ஒண்ணுமில்ல, வெறும் வேருதான்னான்."

அப்பா அன்று விடுப்பில் வீட்டிலேயே இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் செய்தித்தாளை மடித்தார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேம்மா" என்றார். "ஆனா யோசிச்சுப் பாரு. நாளைக்கு நீ போயிட்டா இதையெல்லாம் யாரு பாத்துக்கிடுவா?"

"அதானே!" என்றாள் அம்மா. "இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ளைக்கு மண்ணுக்குள்ள என்னட்டி வேலை?"

இருவர் குரலிலும் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

குடியிருப்பின் பின்புறம், குப்பைக் கொட்டகையை ஒட்டிய குழியில், புரட்டிய மண் கொட்டப்பட்டிருந்தது. கையுறை போட்டுக்கொண்டு கிளறினேன். காந்தள் கிழங்கு நஞ்சு. மஞ்சளும் முஸ்லியும் சிதைந்து மண்ணோடு கலந்திருந்தன; இரு கைகளை விரித்ததுபோல் வளைந்த காந்தள் கிழங்குகள் ஏழு கிடைத்தன. அந்தக் கைகளின் நுனியில்தான் முளை இருக்கும். மண்வெட்டி ஏழின் நுனிகளையும் முறித்திருந்தது. கிழங்கு வெள்ளையாக, ஈரமாக, நன்றாகத்தான் இருந்தது. இனி முளைக்காது, அவ்வளவுதான்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சன்னல் பக்கம் உட்கார்ந்தார்.

"பூவெல்லாம் நீ வச்சதாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "எல்லாம் இவதான்! செடின்னா இவளுக்கு உசுரு" என்றாள்.

"எங்க வீடு பதினெட்டாவது மாடி. அடிக்கிற காத்துல ஒரு தொட்டியும் நிக்காது" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பூக்களை நான் வைக்கவில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எழுவாயும் பயனிலையும் நாவிலேயே இருந்தன. தட்டை நீட்டி, "எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னேன். பத்து நாள் கழித்து, பெண் அதிகம் பேசவில்லை என்று தகவல் வந்தது. ஏப்ரல் வெயிலில் பெட்டூனியாக்கள் காய்ந்தன. அவற்றைப் பிடுங்க யாரும் மாலியைக் கூப்பிடவில்லை, நான்தான் பிடுங்கினேன்.

ஜூனில் முதல் மழை விழுந்தது. மண்ணில் கோரைதான் முளைத்தது. அந்த வார இறுதியில் நாற்றுப்பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரருக்கு என்னை நினைவிருந்தது.

"இது மூன்றாவது மழைக்காலமாயிற்றே. காந்தள் முளைத்துவிட்டதா?"

"அது வாடகை வீடு" என்றேன். "காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்."

முதலில் சொந்த வீடு என்றீர்களே என்று அவர் கேட்கவில்லை. உள்ளே சென்று ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். "அப்படியென்றால் இதை வையுங்கள். காசித்தும்பை. இதுவும் இந்த மலையில் முளைப்பதுதான். இரண்டு மாதத்தில் பூக்கும். மழை நின்றதும் முடிந்துவிடும். அதற்குள் நீங்கள் எங்கே போனாலும் நஷ்டமில்லை."

அன்று மாலையே கோரையைக் களைந்து, மண்ணை விரலால் கீறி விதைத்தேன். குச்சி எதுவும் நடவில்லை. சன்னல் வழியாக அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி, மறுபடியும் கெழங்கா?"

"இல்லை. விதை."

"எப்பப் பூக்கும்?"

"ஆவணிக்குள்ளே."

அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்பச் சரி" என்றாள். "ஆவணியிலதான் அடுத்தவுக வாராவ."