பேர் வெட்டப்பட்டவர்களின் பெரட்டு

தலவாக்கலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடியும் முன்பே தப்பு அடிப்பார்கள். அதைக் கேட்டதும் ஆட்கள் பெரட்டுக்களத்தில் கூட வேண்டும். கணக்கப்பிள்ளை செக்ரோல் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். வயதாகிவிட்டது என்று அப்பாவின் பேரை வெட்டி மூன்று வருடமாகியும், தப்புச் சத்தம் கேட்டால் அவர் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போய்விடுவார். அவரைப் போல இன்னும் நான்கு பேர். களத்தோரக் கற்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய கணக்கப்பிள்ளைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆட்களை அனுப்பிவிட்டு, செக்ரோலை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, அந்த ஐந்து பேரையும் மனப்பாடமாகக் கூப்பிடுவார். "இருக்கேங்க" என்று ஒவ்வொருவராகக் குரல் கொடுப்பார்கள். இளவட்டங்களுக்கே முதுகு ஒடியும், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலையை அவர்களுக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்வார். சிரிப்பார்கள். பிறகு வெயில் ஏறும்வரை அங்கேயே பேச்சுதான்.

ஒருநாள் ஒருவருடைய பேருக்குக் குரல் வரவில்லை. அப்பா எழுந்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த அவருடைய காம்பராவுக்குப் போனார். மனிதர் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். பகலில் லயத்தில் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் மலையில். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்க வைத்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழையவர் விலகியதும் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அது நான்தான். ஒரு காலை தோட்டத்துத் துரை கற்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.  அந்த ஒரு பார்வை எனக்குப் போதும். அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.

"இனிமே பெரட்டுக்கு வராதீங்கப்பா. வேல இல்லாதவங்களுக்கு அங்க என்ன வேல?"

"சரிங்க" என்றார்.

மகனிடம் அப்படிப் பேசுகிற மனிதர் இல்லை. கணக்கப்பிள்ளைக்குச் சொன்ன பதில் அது. சுருக்கென்றது. ஆனாலும் நான் சொன்னதை மாற்றவில்லை.

அப்பா நின்றதும் மற்ற நால்வரும் வருவதை நிறுத்தினார்கள். ஒருவர் மேல் லயம், ஒருவர் ஆற்றோர லயம். ஏறி இறங்கிப் பார்த்துக்கொள்ள முழங்கால் இடம் கொடுக்காது. களம் ஒன்றுதான் எல்லோருக்கும் நடுவில் இருந்தது. அப்பா வழக்கம்போலத் தப்புக்கு எழுந்து, கம்பளியைப் போட்டுக்கொண்டு, அடுப்பருகே உட்கார்ந்துவிடுவார். முதலில் பேச்சு குறைந்தது. பிறகு சோறு குறைந்தது. "மாமா ஒரு மாதிரியா இருக்காங்க" என்று என் மனைவி இரண்டு முறை சொன்னாள். மழை விட்டால் சரியாகும் என்றேன்.

மழை விடவில்லை. ஒருநாள் நான் களத்துக்கும் அவள் கொழுந்தெடுக்கவும் கிளம்பும்போது அப்பா அடுப்பருகே இருந்தார். பகல் சாப்பாட்டுக்கு நான் வந்தபோதும் சுவரில் சாய்ந்து அப்படியே இருந்தார். தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். சாயங்காலம் மனைவிதான் தொட்டுப் பார்த்தாள். உடம்பு விறைத்திருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. யார் யாரோ வந்தார்கள், என் கையைப் பிடித்தார்கள். அந்த நால்வரும் தடியூன்றி, நனைந்துகொண்டு வந்தார்கள். முன்பு காய்ச்சலில் கிடந்து அப்பாவால் பிழைத்தவர் என்னிடம் கேட்டார்.

"எப்பங்க உசுரு போச்சு?"

தெரியாது என்றேன்.

அவர் அப்பாவின் தலைமாட்டில் மெல்ல உட்கார்ந்து, பெரட்டில் கூப்பிடுவதுபோல அப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். மற்ற மூவரும் காத்திருந்தார்கள். நானும்தான்.