கோச்சடை மடுவில் மூச்சுக்குத் தவித்த குஞ்சுகள்

மொட்டைமாடி ரோஜாச் செடிகளுக்கு உரம் கரைத்த வாளியைக் கழுவ மறந்துவிட்டேன். மிச்சத் தண்ணீர் வெயிலில் கிடந்து பச்சையாகிவிட்டது. இன்று காலை கவிழ்த்தபோது எழுந்த பாசி வாடை, என்னைக் கேட்காமலேயே மதுரைக் கோச்சடைக்கு இழுத்துக்கொண்டு போனது.

அப்போதுதான் எனக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வைகை மீன்குஞ்சுகளைப் பற்றிய ஓர் ஆய்வில் உதவியாளர். அதாவது, வாளி தூக்குகிறவள். கூட என்னோடு படித்த மும்தாஜ். அவளுடைய ஸ்கூட்டியில் விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போவோம். கொசுவலையைத் தைத்து நாங்களே செய்த வலையில், மீன்களைவிட என் செருப்புதான் அதிகம் அகப்பட்டது.

கரையோரம் ஒரு மடு. ஆறு வற்றினாலும் அதில் தண்ணீர் நிற்கும், கெண்டை குஞ்சு பொரிக்கும். அந்த வருடம் கோடைமழை வயல்களை எல்லாம் கழுவிக்கொண்டு வந்து மடுவில் சேர்த்தது. சில நாளில் தண்ணீர் பச்சையோ பச்சை. “கண்ணாடி வளையல் கலர்ல இருக்குல்ல?” என்றாள் மும்தாஜ். அழகாகத்தான் இருந்தது. படித்த இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு விடியலில் மடு முழுக்கத் தூறல் விழுவதுபோல் புள்ளி புள்ளியாக வட்டங்கள். கையை நீட்டிப் பார்த்தேன், மழை இல்லை. குனிந்தால், அத்தனையும் வாய்கள். மேலே வந்து காற்றைத் தேடும் குஞ்சு வாய்கள். இரவெல்லாம் பாசி தண்ணீரிலிருந்த காற்றைத் தின்று தீர்த்திருந்தது. பெரிய மீன்கள் எப்படியோ தாக்குப்பிடிக்கும். பிறந்து சில நாளே ஆன உயிர்களுக்கு அந்தத் தெம்பு ஏது?

மும்தாஜ் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினாள். பெரியகருப்பன் அண்ணன் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பைப்ப மடுவுக்குத் திருப்புங்கண்ணே! குஞ்செல்லாம் மூச்சு முட்டிச் சாகுது!”

“மீனுக்கா? வாழ காயுதும்மா. கரண்டு போச்சுன்னா இனி பொழுதடையத்தேன் வரும்.”

பாத்தி கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி செல்லத்தாயி அக்கா நிமிர்ந்தார். “நாம போட்ட ஒரமுந்தேன் அங்க போய்க் கெடக்கு. திருப்புய்யா.”

“நா மட்டுமா போட்டேன்? டவுன் சாக்கட பூராம் இங்கனதான வந்து விழுகுது!” முனகிக்கொண்டேதான் குழாயை இழுத்து வந்தார்.

உயரத்திலிருந்து விழுந்தால்தான் தண்ணீரில் காற்று கலக்கும். ஆளுக்கொரு பக்கமாகக் குழாயைத் தோளில் தாங்கினோம். வெள்ளை நுரை பொங்கியது. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் மெல்ல மெல்ல நுரையை நோக்கி வரத் தொடங்கின. வெயில் ஏறி, எல்லாம் வெள்ளியாக மினுங்கியது. நனைந்த துப்பட்டாவோடு நான் சிரித்தேனா அழுதேனா, இன்றைக்கும் தெரியாது. கரண்டு போகும்வரை யாரும் தோளை இறக்கவில்லை.

மடுவின் மறுகோடியில் தவிடு மிதப்பதுபோல் செத்த குஞ்சுகள். நுரைப்பக்கம் வந்தவை பிழைத்தன. அவற்றை வாளி வாளியாக அள்ளி, நடு ஆற்றில் ஓடிய தெளிந்த வாய்க்காலில் விட்டோம். அந்த முறை வாழையில் ஒரு வரிசை தண்ணீரில்லாமல் காய்ந்து சாய்ந்தது. அண்ணன் அதை வெட்டி எடுத்துவிட்டு அங்கே புதுக் கன்று வைத்தார்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். அண்ணன் இப்போது இல்லை. தோட்டம் வீடுகளாகிவிட்டது. மடுவை ஆகாயத்தாமரை மூடி, ஊதாப் பூ பூத்துக் கிடக்கிறது. செல்லத்தாயி அக்கா என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஜிலேபி மீனு மட்டுந்தேன் கெடக்கு கண்ணு. கெண்டக் குஞ்சப் பாத்து எம்புட்டோ வருசமாச்சு.”

“அது எப்பிடி இருக்கும்?” என்று கேட்டாள் அவர் பேத்தி.

“இத்துனூண்டு. ஒடம்பு கண்ணாடி மாதிரி. அதுக்குள்ளாற பாத்தா அடியில கெடக்குற ஆத்து மணல் தெரியும்” என்றேன்.

அவள், அதே ஆகாயத்தாமரை மூடிப் பச்சையாக விரிந்து கிடந்த ஆற்றைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஆத்துக்குள்ள மணல் இருந்துச்சா?”