கடைசிக் கால் சுற்று

அப்பாவின் கராஜில் ஒரு சட்டம் இருந்தது. எந்தத் திருகாணியாக இருந்தாலும், இறுகிவிட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகு இன்னும் ஒரு கால் சுற்று இறுக்க வேண்டும். நெடுங்கேணிப் பக்கத்துக் கிறவல் வீதிகளிலும் வரம்புகளிலும் குலுங்கி ஓடுகிற ட்ரக்டருக்கு அந்தக் கால் சுற்று இல்லாவிட்டால், ஒரு போகம் முடிவதற்குள் பாதி ஆணி வயலில் விதைக்கப்பட்டுவிடும் என்பார். நான் அந்த ஆணிகளுக்கு நடுவே வளர்ந்தவள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் மற்றப் பிள்ளைகள் தேவாரம் பாடிக் காட்டுவார்கள். நான் நட்டுக் கழற்றிக் காட்டுவேன். அது அம்மாவுக்குப் பெருமையா வெட்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அக்கா வவுனியாவில் படித்துக்கொண்டிருந்தாள். கனடாவில் இருக்கிற அத்தை, தான் பாவித்து முடித்த லப்டொப்பை அவளுக்கு அனுப்பியிருந்தார். அதன் பொத்தானை அமத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் வைத்து, ஆற்றிக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் திரையில் வெளிச்சம் வந்திருக்கும். புது டிஸ்க் ஒன்று போட்டால் பறக்கும் என்றார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. சண்டை முடிந்து, இரண்டு வருடம் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு எங்களோடு வந்து தங்கியிருந்தார். முகாமில் கொம்பியூட்டர் திருத்தப் பழக்கியிருந்தார்கள். அதற்கு ஒரு சான்றிதழ் வைத்திருந்தார். இடது காதுக்கு மேலே, தலைமயிருக்குள், ஒரு ஷெல் துண்டும் வைத்திருந்தார். அதை எடுக்கப் போனால் ஆபத்து என்று விட்டுவிட்டார்களாம். அதனால் சில விஷயங்கள் அவருக்கு மறந்துபோகும். கடை வாசலில் நின்று எதற்கு வந்தோம் என்று யோசிப்பார். சைக்கிளைச் சந்தையில் விட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வருவார். வீட்டில் ஒருவரும் அதைப் பெரிதாகக் கதைப்பதில்லை. ஆனால் அவரிடம் ஒரு வேலையைக் கொடுப்பதற்கு முன்னால் எல்லோரும் ஒருதரம் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள்.

கராஜுக்குப் பக்கத்தில் பழைய டயர்கள் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதில் ஃபோனும் லப்டொப்பும் திருத்துகிற கடை போட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. அப்பா ஆளைப் பார்த்து இரங்குகிறவர் இல்லை, வேலையைப் பார்த்து மதிக்கிறவர்.

“முதல்ல எங்கட வீட்டுச் சாமானைச் செய்து காட்டு. சரியா வந்துதெண்டா டயரெல்லாத்தையும் நானே வெளியில தூக்கிப் போடுறன்” என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா சாப்பாட்டு மேசையில் கழுவின விரிப்பை விரித்து லப்டொப்பைக் கவிழ்த்து வைத்தார். நான் பக்கத்துக் கதிரையில் முழங்காலில் நின்றேன். பழைய கலண்டர் மட்டையில் லப்டொப்பின் அடிப்பக்கத்தைப் படமாகக் கீறி, கழற்றுகிற ஒவ்வொரு ஆணியையும் அது இருந்த இடத்திலேயே மட்டையில் குத்தி வைத்தார். முன்பக்கத்து ஆணிகள் குட்டை, பின்பக்கத்து மூன்றும் நெட்டை.

“எனக்கு மறந்தாலும் மட்டைக்கு மறக்காது பிள்ளை” என்றார்.

முதல் நாளே எல்லாம் ஏற்றி வைத்திருந்த புது டிஸ்க்கைப் போட்டு, அடிமூடியைச் சும்மா மேலே வைத்து, நிமிர்த்தி அமத்திப் பார்த்தார். அம்மா அடுப்பில் கேத்திலை வைப்பதற்குள் திரை வந்துவிட்டது. அக்கா கை தட்டினாள். அப்பா எண்ணெய்க் கையோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே” என்றார். அப்பாவின் வாயில் அது மற்றவர்களின் மாலை மரியாதைக்குச் சமம். மாமாவின் காது மடல்கள்கூடச் சிவந்துபோயின.

அப்போது பார்த்து ஒரு ட்ரக்டர் சில்லைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. மாமா லப்டொப்பை நிறுத்திக் கவிழ்த்துவிட்டு எழும்பினார். “ஆணி ஒண்டும் பூட்டேல்லை. தொடாதை பிள்ளை, வந்து பூட்டுறன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா குளிக்கப் போனாள். அம்மா குசினியில் அடுப்போடு நின்றார்.

தொடாதே என்றது எனக்குக் கேட்கத்தான் செய்தது. ஆனால் ஆணி பூட்டுகிறதில் எனக்கு யார் புத்தி சொல்வது என்ற திமிர் இருந்தது. மாமா வந்து பார்த்து வியக்க வேண்டும் என்றும் இருந்தது. மட்டையில் இருந்த ஆணிகளை எல்லாம் பிடுங்கி ஒன்றாக உள்ளங்கைக்குள் எடுத்தேன். கராஜில் அப்படித்தான், எல்லாம் ஒரு தகரப் பேணிக்குள் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தேன். முன்மூலையில் ஒன்று பாதியில் நின்றது, தலை வெளியே துருத்திக்கொண்டு. அப்பாவின் கராஜில் ஆணித் தலை வெளியே தெரிந்தால் அது மானக்கேடு. அமத்தினேன். திருகினேன். பிறகு அந்தக் கால் சுற்று. உள்ளே அப்பளம் நொறுங்கியது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ஆணி நன்றாக இறுகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மாமா கை துடைத்துக்கொண்டு வந்தார். மேசையைப் பார்த்ததும் நின்றார்.

“ஆர் பூட்டினது?”

கோபமாகக் கேட்கவில்லை. “நீங்கள்தான் மாமா. போக முதல் பூட்டினனீங்கள்” என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. நாக்கின் நுனியில் ஆயத்தமாக இருந்தது போல வந்துவிட்டது.

“நானே?”

“ஓம்.”

மாமா வெறும் மட்டையைப் பார்த்தார். காதுக்கு மேலே ஒருதரம் தடவினார். “மறந்துபோனன் போல” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு அமத்திப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொருதரம் அமத்தினார். திரும்பக் கழற்றுவதற்கு ஸ்குரூட்ரைவரைத் தேடினார். அது என் கையில் இருந்தது. நீட்டினேன், வாங்கிக்கொண்டார். என் கையில் ஸ்குரூட்ரைவர் இருப்பது எங்கள் வீட்டில் ஒரு புதினமும் இல்லை. முன்மூலை ஆணியைக் கழற்றியதும் அதை விரலில் பிடித்தபடி இருந்துவிட்டார். அது நெட்டை ஆணி. அதற்கு நேர் கீழே, பச்சை நிற போர்ட்டில், மெல்லிய கோடுகளை அறுத்துக்கொண்டு ஒரு ஓட்டை விழுந்திருந்தது.

அக்கா ஈரத் தலையோடு ஓடி வந்து அழுதாள். அவளுடைய பாடங்கள் எல்லாம் பழைய டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன என்று மாமா சொன்னது அவளுக்கு ஏறவில்லை. அப்பாவும் வந்தார்.

“நெட்டை ஆணியை மாறிப் பூட்டிட்டன் அத்தான்” என்றார் மாமா. “மட்டை இருந்தும் மாறிட்டன்.”

நான் அங்கேயே, அதே கதிரையில்தான் இருந்தேன். அப்பா ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “சரி, விடு” என்று மட்டும் சொன்னார். டயர்கள் அந்த அறையிலேயே கிடந்தன. மாமா அந்தக் கடைக் கதையைப் பிறகு எடுக்கவே இல்லை.

முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை. இரண்டாம் நாள், முதல் நாள் சொல்லாததால் சொல்லவில்லை. பிறகு அது அப்படியே பழகிவிட்டது. கோயிலில் லப்டொப்புக்காக மன்னிப்புக் கேட்டேன். அக்கா வேலைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கியபோது, என் கணக்குத் தீர்ந்தது என்றே நினைத்தேன். இதற்கிடையில் மாமா ஒரு பழக்கம் பழகியிருந்தார். “பிள்ளை, நான் படலையைச் சாத்தினனானே?” “அடுப்பு நெருப்பை நூத்தனானே?” என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்பார். வேறு யாரையும் கேட்க மாட்டார், என்னைத்தான். நானும் உள்ளதை உள்ளபடி சொல்வேன். அவருடைய மறதி வருத்தம் கூடிவிட்டது என்று அம்மா கவலைப்பட்டார். நானும் அப்படித்தான் நம்பினேன். லப்டொப் பழுதான அந்த வருடம் முடிவதற்குள் அவர் நாயாற்றுக் கடற்கரைக்குப் போய்விட்டார். கரைவலை இழுக்கிற வேலை. பத்துப் பேரோடு நின்று கயிற்றைப் பிடித்தால் போதும், எதையும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை என்றார்.

போன வருடம்தான் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதும்விட்டேன். மாமா முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“நீயே? இல்லைப் பிள்ளை, நான்தான் பூட்டினனான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்த மூலை ஆணி இறங்கேல்லை. அமத்திப் பிடிச்சு இறுக்கினனான்.”

“இல்லை மாமா, நான்தான்.”

“உனக்கு அப்ப பதினொரு வயசு. நீ மறந்திருப்பாய்” என்று என் தலையைத் தடவினார்.

அந்தப் பதினொரு வயதுக்காரிக்குப் போர்ட்டில் விழுந்த ஓட்டை மட்டும்தான் தெரிந்திருந்தது.

பின்னேரம் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். பாதி வழியில் நின்று, “பிள்ளை, நான் கதவைப் பூட்டினனானே?” என்றார்.

“பூட்டினனீங்கள் மாமா. நான் பார்த்தனான்” என்றேன். உண்மையாகவே பார்த்திருந்தேன்.

தலையாட்டினார். பிறகு ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டு, திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.