இரண்டு வீட்டுப் பொன்னுக்கு வீங்கி

பொன்னுத்தாய் எதையும் சோதிக்காமல் நம்ப மாட்டாள். பூதலூர் பக்கத்துக் கிராமப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். வந்திறங்கும் முட்டை ஒவ்வொன்றையும் தண்ணீரில் போட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பேற்றுவாள்.

அந்தத் தை மாதம் தெருவில் ஒன்பது பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. முதலில் அடுத்த வீட்டுச் சவரியம்மாளின் மகள் லின்சிக்கு. நாலே நாளில் வீக்கம் வடிந்து அவள் விளையாடப் போய்விட்டாள். பிறகு பொன்னுத்தாயின் மகள் எழில்மொழிக்கு. அவளைக் காய்ச்சலும் தலைசுற்றலும் பத்து நாள் படுக்கவைத்தன. எழுந்து நடமாடிய பின் ஒருநாள், திருப்பூரிலிருந்து கூப்பிட்ட அப்பாவிடம் பேசப் போனை வலது காதில் வைத்தவள், "கட்டாயிடுச்சும்மா" என்றாள். கட்டாகவில்லை. தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், அந்தக் காது இனிக் கேட்பது சந்தேகம் என்றார்.

ஒரே தெரு, ஒரே நோய். தன் மகளுக்கு மட்டும் ஏன்? பொன்னுத்தாய் நேராக அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கிறிஸ்துமஸுக்குச் சென்னை போய் எந்தக் கிருமியைக்கா கொண்டாந்தீங்க? உங்க புள்ளைக்கு மட்டும் என்ன மருந்து குடுத்தீங்க?"

"வேப்பிலை அரைச்சுப் போட்டேன். நீயும் பாத்துக்கிட்டுதானே இருந்தே" என்றாள் சவரியம்மாள். அதோடு பேச்சு நின்றது.

கிராம நர்ஸ் கமருன்னிஸா வந்தபோது அவளையும் விடவில்லை. "எல்லா ஊசியும் போட்டேனே?"

"போட்டீங்கக்கா. அரசாங்கம் போடற ஊசியில இதுக்குத் தடுப்பு மருந்து கிடையாது."

"ரெண்டு புள்ளைக்கும் வந்தது ஒரே கிருமிதானா?"

"கன்னத்துக்குள்ள பஞ்சால தடவி எடுத்தோமே, அதச் சென்னைக்கு அனுப்பியிருக்கு. ஒரே கிருமியிலயே பல வகை இருக்காம். ரிசல்ட் வரட்டும்."

பொன்னுத்தாயால் காத்திருக்க முடியவில்லை. ஒரே கிருமியென்றால் லின்சியின் காதையும் தொட்டிருக்குமே என்று தோன்றியது. நோட்டு வாங்க வந்த லின்சியை உட்கார வைத்து, பாட்டைச் சத்தம் குறைத்து ஓடவிட்டு, போனை அவள் இடது காதில் வைத்தாள்.

"பாட்டு ஓடலியே அத்தை."

வலது காதுக்கு மாற்றினாள். "ம், இப்ப கேக்குது."

திரும்ப இடது காதில் வைத்தாள். லின்சி உதட்டைப் பிதுக்கினாள். பொன்னுத்தாய் பாட்டை நிறுத்தினாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னபோது சவரியம்மாள் நம்பவில்லை.

"உன் புள்ளைக்குப் போனதுனால என் புள்ளைக்கும் போவணுமா?"

"நீங்களே வச்சுப் பாருங்க."

சவரியம்மாள் இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். இடது காதில் லின்சிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மாசியில் ரிசல்ட் வந்தது. இரண்டு பிள்ளைகளிடமும் இருந்தது ஒரே வகைதான் என்றாள் கமருன்னிஸா. முன்பு பார்த்த கிருமிகளோடு ஒப்பிட்டால் இதன் மரபணுவில் சில மாற்றங்கள் இருந்தனவாம்.

"அதனாலதான் காது போச்சா?"

"ரெண்டு புள்ளைய வச்சு அப்படிச் சொல்ல முடியாதாம். சந்தேகந்தானாம்."

"அப்ப மத்த ஏழு புள்ளைங்க காத யாரு பாத்தா?"

மறுநாள் போனை எடுத்துக்கொண்டு இரண்டு தாய்மாரும் வீடு வீடாகப் போனார்கள். ஏழு பேருக்கும் கேட்டது. பொன்னுத்தாய்க்கு அதுவும் போதவில்லை. நர்ஸை நச்சரித்து, எல்லோரையும் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் மெஷினிலும் சோதிக்க வைத்தாள். அங்கேயும் அதே பதில்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் சவரியம்மாள் சொன்னாள்: "அன்னிக்கு வாசல்ல வந்து நீ கேட்டத நான் இன்னும் மறக்கல, பொன்னு."

"மறக்க வேணாம்க்கா. கேட்டது தப்புதான்."

சவரியம்மாள் ஜன்னலோரம் நகர்ந்து, நின்றுகொண்டிருந்த அவளுக்கு இடம் விட்டாள்.