டேனிஷ் வழியாக வந்த ஆங்கிலம்

எழுதப் புகுந்ததற்கு வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது என் பக்கம் திரும்பினாலே தலையைக் குனிந்துகொள்வேன். ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள் இருக்கும்போது உனக்கேன் இந்த வேலை என்று கேட்டால் அதுவும் நியாயம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டென்மார்க்கிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தோம். "எங்கட சனம் இருக்கிற இடத்துக்குப் போவம்" என்று என் கணவர் சொன்னார். அவருடைய தமையன் ஸ்காபரோவில் இருந்தார். டென்மார்க்கில் நான் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்தேன். முதியவர்களைக் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. அதிகம் பேசத் தேவையில்லை. கைக்குத் தெரிந்தால் போதும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. இங்கே வந்ததும் பிளாஸ்ரிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலைக்குத்தான் போக முடிந்தது.

டோர்செட் பார்க்கில் எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்துப் பிளாசாவின் மேல்மாடியில் ஆங்கில வகுப்பு நடந்தது. அங்கே மேல் வகுப்புக்கு வருகிறவர்களை இலையுதிர் காலத்தில் முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்கு எடுப்பார்கள் என்று அறிந்தேன். அதில் ஓர் இடம் கிடைத்தால் மூடி அடுக்குவதை விட்டுவிடலாம். கனடாவில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். நானும் அந்த மேல் வகுப்பில் சேர்ந்தேன்.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. டேனிஷ் பேசுகிறவர்கள் ஆங்கிலம் படிக்க எழுதியது. பெயர்ச்சொல்லுக்கு அவர்கள் சொல்வது 'நவ்னஓர்'. பெயரின் சொல் என்றே பொருள். அதைப் பார்த்தபோது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய பெயர், வினை, இடை, உரி எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் உள்ளே போகப் போகச் சிக்கல். டேனிஷில் நான், நீ, அவர்கள் எல்லாருக்கும் ஒரே 'ஏர்'தான். ஆங்கிலத்தில் அது ஆம், இஸ், ஆர் என்று மூன்றாகப் பிரிகிறது. தமிழில் வாறன், வாறாய், வாறான் என்று ஆளுக்கேற்றபடி மாற்றி மாற்றிப் பேசுகிறவள்தான் நானும். தமிழைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இலேசாக இருந்திருக்கும். டேனிஷ் நடுவில் வந்து நின்று, மாற்றத் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அதை வெல்வதற்கு டேனிஷ் பள்ளிக்கூடத்து வழியையே பிடித்தேன். அங்கே வசனத்தில் செய்கிறவருக்குக் கீழே பெருக்கல் அடையாளம்போல ஒரு புள்ளடி போடுவார்கள், செயலுக்குக் கீழே ஒரு வட்டம். தொழிற்சாலையால் வந்து சமைத்து முடித்து, குசினி மேசையில் இருந்துகொண்டு பக்கம் பக்கமாகப் புள்ளடியும் வட்டமும் போட்டேன். புள்ளடியில் அவன் அல்லது அவள் இருந்தால் வட்டத்துக்கு ஒரு 'எஸ்' வேண்டும். மெல்ல மெல்லப் பிழை குறைந்தது.

கணவருக்கு அது பகிடி.

"இங்கிலிஷ் படிக்க டேனிஷ் புத்தகமோ? யாழ்ப்பாணம் போறதுக்கு ஆரும் கொப்பன்ஹேகன்ல பஸ் ஏறுவினமோ?"

நான் அடுத்த வசனத்துக்குப் புள்ளடி போட்டேன்.

எதிர் வீட்டுப் பெண்ணும் அதே வகுப்புக்கு வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வந்தவள், என்னைவிட இளையவள், வாய்க்காரி. என் கொப்பியை எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

"அக்கா, உதென்ன, கோலம் போடுறியளோ?"

"உது புள்ளடி. ஆர் செய்யினம் எண்டு பாக்கிறதுக்கு."

"ஆர் செய்தாலென்னக்கா, விளங்கினாச் சரிதானே. எனக்குக் கையிருக்கு, காட்டிக் கதைப்பன்."

உண்மையிலேயே கையைக் காட்டித்தான் கதைத்தாள். ஆனால் வகுப்பில் சத்தமாகக் கதைத்தாள். நான் விடையை எழுதி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பேன்.

கோடை முடிவில் பயிற்சிக்குப் பொறுப்பான பெண்மணி எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பரீட்சை வைப்பார்கள் என்று நினைத்து ஆயத்தமாகப் போனேன். மேசையில் கடதாசியோ பென்சிலோ இல்லை. அவர் சிரித்த முகத்தோடு, "ஹவ் இஸ் யுவர் இங்கிலிஷ்?" என்று கேட்டார்.

"நொட் குட். வெரி லிட்டில்" என்றேன்.

எங்களுடைய வீட்டில் பெண்பிள்ளை தனக்குத் தெரியும் என்று சொன்னால் வாய்க்கொழுப்பு என்பார்கள். டென்மார்க்கிலும் அப்படித்தான். வயோதிபர் இல்லத்தில் முதல் நாள், வேலை தெரியுமா என்று கேட்டபோது கொஞ்சம் என்றேன். பொறுப்பாளர் தலையாட்டிவிட்டு, "வா, செய்து காட்டு" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அங்கே மிக நல்ல சாப்பாட்டைக்கூட அவ்வளவு மோசமில்லை என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் என்று சொல்கிறவருக்கு நிறையத் தெரியும் என்பது இரண்டு இடத்திலும் விளங்கும். இந்த ஊரில் கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. இந்தக் கட்டுரையைக்கூட நான் எப்படித் தொடங்கினேன் என்று பாருங்கள்.

அந்தப் பெண்மணி மரியாதையாகவே நடந்துகொண்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொன்னார். முதலாம் வகுப்பிலிருந்து தொடங்குவது எனக்கு நல்லது, அவசரம் வேண்டாம் என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நானே அவருக்குத் தாங்க் யூ சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எதிர் வீட்டுக்காரிக்கு இடம் கிடைத்தது. படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும். கேட்டா ஓம், வெரி குட் எண்டு சொல்லுறதுக்கென்ன? நான் அப்பிடித்தான் சொன்னனான்."

"பிறகு பிழை பிடிச்சா?"

"பிடிக்கேக்கை பாப்பம்."

அவளில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய்.

வீட்டில் கணவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேட்டார். சொன்னேன்.

"இவ்வளவு நாளும் மேசை முழுக்கப் பரப்பிப் படிச்சது, தெரியாது எண்டு சொல்லுறதுக்கோ?" பிறகு கொஞ்சம் தணிந்து, "நாளைக்குப் போய்ச் சொல்லும். திரும்பக் கேக்கச் சொல்லும். கடிச்சே தின்னப் போகினம்?" என்றார்.

கொப்பியை எடுத்து, சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதினேன். எனக்கு ஆங்கிலம் தெரியும். நான் டென்மார்க்கில் இந்த வேலை செய்தவள். என்னை இன்னொரு முறை கேளுங்கள். முதல் இரண்டு வசனத்திலும் 'ஐ' இருந்தது. இரண்டுக்கும் கீழே புள்ளடி போட்டேன், செயல்களுக்கு வட்டம். ஒரு பிழையும் இல்லை. சமைத்துக்கொண்டே அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சோறு குழைந்துவிட்டது என்று கணவர் சொன்னார்.

அடுத்த நாள் அந்தப் பெண்மணியின் கதவு திறந்திருந்தது. நான் அதைத் தாண்டிப் போய் முதலாம் வகுப்பில் இருந்தேன். ஆசிரியை கரும்பலகையில் ஏ, பி, சி எழுதினார்.