காதர் அண்ணன் எழுதிய பதில்

காதர் அண்ணன் காலமான செய்தியை எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்தான் சொன்னது. மட்டாஞ்சேரி பஜாரில், அவருடைய தையல்கடைக்கு எதிரே கட்டியிருந்தார்கள். அண்ணனின் முகம் சிறியது. அஞ்சலி செலுத்தும் கவுன்சிலரின் முகம் பெரியது. அடியில் கவுன்சிலரின் பொன்மொழியாம்: "உரிமையை அப்புறம் கேள், முதலில் உன் வாசலைக் கூட்டு."

அண்ணனைத் தெரிந்த உங்களிடமாவது சொல்லியாக வேண்டும். அதை எழுதியவர் அண்ணன். நம் தமிழ்ச் சங்க ஆண்டுவிழா நாடகத்துக்காக எழுதினார். மேடையில் அதை முதலில் பேசியவன் நான். எனக்கு ஊரை ஏய்க்கிற நகரசபைத் தலைவர் வேஷம். எதிரே துடைப்பத்தோடு நிற்கும் பெண் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அண்ணனே மனைவியின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, "கூட்டிட்டேன் ஐயா. குப்பையை அள்ள வண்டி எப்ப வரும்?" என்று கேட்டார். சபை சிரித்து அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் இருந்த கவுன்சிலரும் சிரித்தார்.

அடுத்த தேர்தலில் என் வசனம் மட்டும் கவுன்சிலரின் பெயரோடு மலையாளத்தில் சுவரேறியது. பெண்ணின் கேள்வியைக் காணோம். ஊரை ஏய்ப்பவனின் பேச்சு குடிமகனின் கடமையாகிவிட்டது. கேட்கப் போனேன். கவுன்சிலரின் ஆபீசில் இருந்தவர், "சேட்டா, இது பண்டே உள்ளதல்லே? ஏதோ வலிய தலைவர் பறஞ்சது" என்று, யாரோ பெரிய தலைவர் எப்போதோ சொன்ன பழமொழிபோல் பேசிவிட்டு, சாயாவை நீட்டினார். நான் குடிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் கடைப்பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவன் நான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பெயரில் படிக்க எனக்கு வராது.

அண்ணனுக்குக் கோபமே வரவில்லை. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, "திருடினவன் பாதியைத்தானே தூக்கிட்டுப் போயிருக்கான், விடுப்பா. நீ இன்னும் தலைவர் வேஷத்தைக் கலைக்கலையா?" என்றார். அந்த மழைக்காலம் முழுக்க அவரோடு நான் பேசவில்லை. இன்றும் சொல்கிறேன், அவர் அதைக் கேட்காமல் விட்டது தப்பு.

கடைசிவரை அவர் கடைவாசலைத் தன் கையால்தான் கூட்டினார். கூட்டிய குப்பை எதிர்மூலையில் மழையில் அழுகிக் கிடந்தது; யாரும் அள்ளவில்லை. பேனரின் கம்புகளை அந்தக் குப்பையில்தான் ஊன்றியிருக்கிறார்கள்.

நாற்பதாம் நாள் இரங்கல் கூட்டத்துக்குக் கவுன்சிலர் வருகிறார். "பிரச்சினை வேண்டாம் மாமா" என்று சங்கச் செயலாளர் இப்போதே கெஞ்சுகிறார். என்ன பிரச்சினை? கவுன்சிலர் என் வசனத்தைத் தாராளமாகப் பேசட்டும். அதை நான் அவருக்கே விட்டுவிட்டேன். அண்ணன் என்னிடம் விட்டுப்போனது அந்தப் பெண்ணின் கேள்வி. முன்வரிசையில் உட்காருவேன். அவர் பேசி முடித்ததும் எழுந்து அதைக் கேட்பேன்.